கணிப்பொறிக்குள் ஒரு சிங்கப்பூர்



தோட்டத்துக்குப் புதிதாக வந்த ஒருவர் நம்மிடம் வழி கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நாம் என்ன சொல்வோம்? "ஆபீஸ் மேட்டைத் தாண்டி இறங்குங்கள், ஆயாக் கொட்டகை வரும், அதை அடுத்து மாரியம்மன் கோயில், கோயிலுக்குப் பின்னால் மூன்றாவது லயத்தில் ஐந்தாவது வீடு" என்போம். இத்தனை மீட்டர் வடக்கே, இத்தனை மீட்டர் கிழக்கே என்று யாரும் சொல்வதில்லை. மேடு, பள்ளம், ஓடை, தண்ணீர்க் குழாய் என்று தோட்டத்தின் முழுப் படமும் நம் மனத்துக்குள் இருக்கிறது.

அதே தோட்டத்துக்கு இன்னொரு படமும் உண்டு. அது ஆபீஸ் சுவரில் மாட்டியிருக்கும். எந்தத் துண்டில் எந்த ஆண்டு கன்று நட்டார்கள் என்பதை வண்ணம் வண்ணமாகக் காட்டும். அதில் லயங்கள் சின்னஞ்சிறு கறுப்புக் கட்டங்கள். சில படங்களில் அந்தக் கட்டங்களும் இருப்பதில்லை. இரண்டும் ஒரே தோட்டத்தின் படங்கள்தாம். ஆனால் ஒன்றில் மனிதர்களுக்கு முதலிடம், மற்றதில் மரங்களுக்கு.

இன்று நாம் பேசப்போவது மூன்றாவது வகைப் படம் ஒன்றைப்பற்றி. காகிதத்தில் வரைந்தது அல்ல. கணிப்பொறிக்குள் கட்டி எழுப்பியது. ஒரு நாட்டின் குன்றுகள், தெருக்கள், கட்டடங்கள், மரங்கள் ஆகிய அனைத்தையும் நீளம், அகலம், உயரம் என்ற மூன்று அளவுகளோடும் கணிப்பொறியில் உருவாக்கி, அதைத் திரையில் சுற்றிச் சுற்றிப் பார்க்கும் முறை இது. இதனைக் கணிப்பொறி நிலக்காட்சி என்று சொல்லலாம். நாடு முழுவதையும் இவ்வாறு உருவாக்கிய முன்னோடிகளுள் நமக்கு மிகவும் பழக்கமான சிங்கப்பூரும் ஒன்று.

ஏன் சிங்கப்பூர்? அங்கே இடம் குறைவு. 1965-ஆம் ஆண்டு தனி நாடானபோது அதன் பரப்பு சுமார் 581 சதுர கிலோமீட்டர்தான். கடலைத் தூர்த்துத் தூர்த்து இன்று 730 சதுர கிலோமீட்டருக்கும் மேலாக வளர்ந்திருக்கிறது. பீச் ரோடு என்ற தெரு ஒருகாலத்தில் உண்மையாகவே கடற்கரையில் இருந்தது. இன்று அங்கே நின்று பார்த்தால் கடல் தெரியாது. இப்படிக் கரையே நகர்ந்துகொண்டிருக்கும் ஊரில் பத்து வருடத்துக்கு முந்திய படம் பழைய பஞ்சாங்கத்துக்குச் சமம். அதுமட்டுமன்று. குறைந்த இடத்தில் வீடு, சாலை, ரயில், நீர்த்தேக்கம், காடு எல்லாம் இருக்கவேண்டும். ஒரு கட்டடத்தை எழுப்பிவிட்டு, பக்கத்துக் கட்டடத்துக்குக் காற்று வரவில்லையே என்று பின்னால் வருந்திப் பயனில்லை. முதலில் கணிப்பொறிக்குள் கட்டிப் பார்த்துவிட்டால் நல்லதல்லவா?

2014-ஆம் ஆண்டில் சிங்கப்பூர் நில ஆணையம் தீவு முழுவதையும் வானத்திலிருந்து அளந்தது. அதே ஆண்டு டிசம்பரில், பிரதமர் அலுவலகத்தைச் சேர்ந்த தேசிய ஆய்வு அறநிறுவனம் 'வெர்ச்சுவல் சிங்கப்பூர்' என்ற திட்டத்தை அறிவித்தது. 'மெய்நிகர் சிங்கப்பூர்' என்று அதைத் தமிழில் சொல்கிறார்கள். அதற்கு ஒதுக்கிய தொகை 7 கோடியே 30 லட்சம் வெள்ளி. பிரான்சு நாட்டைச் சேர்ந்த தஸோ சிஸ்டம்ஸ் என்ற நிறுவனம் இதற்கான மென்பொருளைத் தந்தது.

வானத்திலிருந்து எப்படி அளந்தார்கள் என்பதைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம். இதில்தான் வியப்பு அதிகம்.

நிலத்தை முறையாக அளக்கும் பெரும்பணி நம் தமிழ் மண்ணில்தான் ஒரு காலத்தில் தொடங்கியது. 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேயர் சென்னைப் பரங்கிமலைக்கு அருகே, நூறு அடி எஃகுச் சங்கிலியைத் தரையில் இட்டு ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு நேர்க்கோட்டை அளக்கத் தொடங்கினார். அந்தக் கோட்டை வைத்து, கோணம் பார்க்கும் கருவியால் முக்கோணம் முக்கோணமாக நாடு முழுவதையும் அளந்துகொண்டே போனார்கள். அந்தக் கருவியின் எடை ஏறக்குறைய அரை டன். 1808-இல் அதைத் தஞ்சைப் பெரிய கோயிலின் உச்சிக்குத் தூக்கியபோது கயிறு அறுந்து கருவி மோதிச் சிதைந்தது. லாம்டன் வாரக்கணக்கில் உட்கார்ந்து அதைத் தாமே செப்பனிட்டார். அரசர் காலத்தில் எண்பது டன் கல்லை ஏற்றியதாகச் சொல்லப்படும் கோபுரத்தின் மேல் அரை டன் பெட்டியை ஏற்ற முடியாமல் போனது ஒரு வேடிக்கைதான்.

இன்றைய அளவைக்காரருக்குச் சங்கிலி வேண்டாம். விமானத்தில் லேசர் கருவி ஒன்றைப் பொருத்திவிடுகிறார்கள். லேசர் என்பது சிதறாமல் ஊசிபோல் செல்லும் ஒளி. விமானம் பறக்கும்போது அந்தக் கருவி கண்ணுக்குத் தெரியாத ஒளித் துடிப்புகளை ஒரு நொடிக்கு லட்சக்கணக்கில் கீழே அனுப்புகிறது. ஒளி தரையில் பட்டுத் திரும்பி வருகிறது. போய்வர எவ்வளவு நேரமாயிற்று என்பதைக் கருவி குறித்துக்கொள்கிறது. ஒளி ஒரு நொடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் செல்லும் என்பதை நாம் அறிவோம். விமானம் ஒரு கிலோமீட்டர் உயரத்தில் பறந்தால், போகவும் வரவும் இரண்டு கிலோமீட்டர். ஒரு நொடியைப் பத்து லட்சம் கூறுகளாகப் பிரித்தால், அதில் ஏறக்குறைய ஏழு கூறு நேரத்தில் ஒளி போய்த் திரும்பிவிடும். கூரையில் பட்ட ஒளி சற்று முன்னால் வரும். தெருவில் பட்டது சற்றுப் பின்னால் வரும். அந்த வேறுபாட்டிலிருந்து கூரையின் உயரம் கிடைத்துவிடுகிறது. இப்படிக் கோடானுகோடிப் புள்ளிகள். அத்தனையும் சேர்ந்தால் ஊரின் உருவம்.

மரங்கள் இருந்தால் என்ன செய்வது என்று கேட்கத் தோன்றும். அதற்கு விடை ரப்பர்க் காட்டுக்குள் நமக்குத் தினமும் தெரிவதுதான். உச்சி வெயில் நேரத்தில் பால்மரங்களுக்குக் கீழே தரையைப் பார்த்தால் காசு காசாக வெயில் விழுந்திருக்கும். இலைகளுக்கு இடையில் வெயில் நுழைவதைப்போலவே லேசர் ஒளியும் நுழைந்துவிடுகிறது. ஒரு துடிப்பின் ஒரு பகுதி இலையில் பட்டு முதலில் திரும்பும். மீதி தரையில் பட்டுப் பின்னர் திரும்பும். முதலில் வந்தவற்றை நீக்கிவிட்டால், மரங்களையெல்லாம் வெட்டாமலே அவற்றுக்குக் கீழேயுள்ள நிலத்தின் மேடு பள்ளம் தெரிந்துவிடும். கம்போடியாவில் அங்கோர் பகுதிக் காட்டை 2012-இல் இப்படி அளந்தபோது, மரங்களுக்குக் கீழே மறைந்திருந்த பழைய தெருக்களும் குளங்களும் கணிப்பொறித் திரையில் எழுந்தன. இந்தச் செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; இந்தப் பேச்சின் பிற்பகுதியில் நமக்குத் தேவைப்படும்.

இங்கே ஒரு சிறு செய்தி. சிங்கப்பூரில் முதல்முதலாக விமானம் பறந்தது 1911-ஆம் ஆண்டு மார்ச் 16-இல். ஜோசப் கிறிஸ்டியன்ஸ் என்ற பெல்ஜியக்காரர் ஓட்டினார். எங்கிருந்து கிளம்பினார் தெரியுமா? லிட்டில் இந்தியாவை ஒட்டி அன்று இருந்த குதிரைப் பந்தயத் திடலிலிருந்து! இன்றைய ரேஸ் கோர்ஸ் சாலைக்கு அந்தப் பந்தயத் திடல்தான் பெயர் தந்தது. சிங்கப்பூரை விமானத்திலிருந்து முதலில் பார்த்த கண்கள் தேக்காவின் கூரைகளைத்தான் முதலில் பார்த்திருக்கும்.

ஆனால் வானத்திலிருந்து பார்த்தால் தேக்காவில் என்ன தெரியும்? ஓட்டுக் கூரைகள் தெரியும். கோயில் கோபுரம் தெரியும். கடைகளுக்கு முன்னால் உள்ள அஞ்சடி தெரியாது. பூக்கட்டுபவர், வெற்றிலை விற்பவர், தையல் இயந்திரத்தை வைத்துக்கொண்டு கால்சட்டைக்கு ஓரம் அடிப்பவர் எல்லாரும் அஞ்சடியில்தானே இருக்கிறார்கள்! மேல்மாடி அவர்களை மறைத்துவிடும். ஆகையால் நில ஆணையம் லேசரும் நிழற்படக் கருவியும் பொருத்திய வண்டிகளைத் தெருத்தெருவாக ஓட்டியது. அவை பக்கவாட்டில் பார்த்து, கடை முகப்புகளையும் தூண்களையும் விளக்குக் கம்பங்களையும் பதிவு செய்தன. 2017-இல் தொடங்கிய இன்னொரு திட்டத்தில், ஜூரிக் நகரத்தாரோடும் அந்நாட்டு ஆராய்ச்சியாளர்களோடும் சேர்ந்து, மண்ணுக்கு அடியில் ஓடும் குழாய்களையும் கம்பிகளையும் படமாக்க முனைந்தார்கள். மேலே, பக்கத்தில், கீழே என்று எல்லாப் புறமும் பார்த்தாயிற்று.

சரி, இத்தனை செலவு செய்து உருவாக்கிய படத்தால் என்ன பயன்? சிலவற்றை மட்டும் சொல்வோம். சிங்கப்பூர் நிலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, கடல் மட்டத்துக்கு மேல் ஐந்து மீட்டருக்கும் குறைந்த உயரத்தில் இருக்கிறது. இந்த நூற்றாண்டு முடிவதற்குள் கடல் 0.23 மீட்டரிலிருந்து 1.15 மீட்டர் வரை உயரலாம் என்று 2024-இல் வெளியான அந்நாட்டு ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. எந்தத் தெருவில் முதலில் தண்ணீர் நுழையும் என்பதைக் கணிப்பொறி நிலத்தில் கடலை ஏற்றிப் பார்த்து அறியலாம். வெயிலையும் இவ்வாறே பார்க்கிறார்கள். நகரின் நடுப்பகுதி சில வேளைகளில் காட்டுப் பகுதியைவிட ஏழு டிகிரி வரை சூடாக இருப்பதை, 2017-இல் தொடங்கிய 'கூலிங் சிங்கப்பூர்' ஆராய்ச்சித் திட்டத்தார் சொல்கிறார்கள். எங்கே மரம் வைத்தால், எந்தச் சந்தைக் காற்றுக்குத் திறந்துவிட்டால் சூடு தணியும் என்று முதலில் திரையில் பார்க்கிறார்கள். சாலையோர மரங்களுக்குக்கூடத் தனித்தனிப் பதிவு உண்டு. பூங்காக் கழகம் 2018-இல் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்களைப் படத்தில் காட்டி, எந்த மரம் என்ன இனம் என்று எவரும் அறியும்படி செய்தது. தம் நிரையில் எத்தனை மரம் என்பதை உறக்கத்திலும் சொல்லக்கூடிய நமக்கு இது அப்படியொன்றும் புதிதல்ல!

பொதுமக்களுக்கென்றும் ஒரு படம் இருக்கிறது. 'ஒன்மேப்' என்ற பெயரில் 2010 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. சக்கர நாற்காலியில் செல்பவர் படியேறாமல் எந்த வழியாகப் போகலாம் என்பதைக்கூட அது காட்டுகிறது. நம் வீட்டுப் பாட்டிக்கு இந்த ஒன்று போதும், இத்தனை செலவும் தகும் என்று சொல்லிவிடுவார்.

இதுவரை சொன்னவை நிற்கும் பொருள்களின் படங்கள். ஓடுகின்றவற்றைப் படமாக்க முடியுமா? அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கூடத்து ஆராய்ச்சியாளர்கள் சிங்கப்பூரில் அதைச் செய்து பார்த்தார்கள். 'லைவ் சிங்கப்பூர்' என்பது அந்த முயற்சியின் பெயர். 2011 ஏப்ரலில் சிங்கப்பூர்க் கலைக்கூடத்தில் மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். அதில் ஒரு படம் நமக்கு நன்கு விளங்கும். அது தூரத்தைக் கிலோமீட்டரால் காட்டாமல் பயண நேரத்தால் காட்டியது. சாலை நெரிசலான நேரத்தில் தீவு பெரிதாகப் பெருத்துவிடும். நடு இரவில் சுருங்கிவிடும். தோட்டத்திலிருந்து டவுனுக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டால், "பஸ் வந்தால் முக்கால் மணி, வராவிட்டால் அரை நாள்" என்று பதில் சொல்பவர்கள் நாம். நாம் வாயால் சொல்லி வந்ததைத்தான் அவர்கள் கோடுகளால் வரைந்தார்கள்.

இன்னொரு படம் மழையையும் டாக்ஸிகளையும் பற்றியது. மழை பெய்தால் சிங்கப்பூரில் டாக்ஸி கிடைக்காது என்பது அங்குள்ளோர் அனைவரும் அறிந்த செய்தி. எல்லாரும் ஒரே நேரத்தில் டாக்ஸி தேடுகிறார்கள், அதனால்தான் கிடைக்கவில்லை என்று நினைத்திருந்தார்கள். ஆலிவர் சென் என்ற ஆராய்ச்சியாளர் சுமார் 16,000 டாக்ஸிகளின் நடமாட்டத்தை மழைப் படத்தோடு பொருத்திப் பார்த்தார். மழை பெய்யும் இடங்களில் பல டாக்ஸிகள் ஓடவே இல்லை, ஓரமாக நின்றுகொண்டிருந்தன! கணக்கில் ஏதோ கோளாறு என்றுகூட முதலில் எண்ணத் தோன்றியது. பிறகு அவர் ஒரு காரியம் செய்தார். கணிப்பொறியை விட்டு எழுந்துபோய், டாக்ஸி ஓட்டுநர்களிடமே கேட்டார். அவர்கள் சொன்ன விடை எளிமையானது. விபத்து நேர்ந்தால், தவறு யாருடையது என்று முடிவாகும்வரை ஓட்டுநரின் பணத்தில் ஆயிரம் வெள்ளியை நிறுத்தி வைத்துவிடுவார்கள். மழையில் வண்டி ஓட்டினால் விபத்துக்கு வாய்ப்பு அதிகம். ஆயிரம் வெள்ளியைப் பணயம் வைப்பதைவிட, வண்டியை ஓரங்கட்டிக் காத்திருப்பதே மேல் என்று அவர்கள் நினைத்தார்கள்.

நேயர்களே, இந்த இடத்தில் நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும். வானத்துக் கருவி, டாக்ஸி நின்றதைக் காட்டியது. ஏன் நின்றது என்பதை அது காட்டவில்லை. ஓட்டுநரின் சட்டைப்பையில் இருந்த அச்சத்தை எந்த லேசரும் அளக்க முடியாது. அதேவேளையில், படம் மட்டும் இல்லாதிருந்தால் அவரிடம் போய்க் கேட்கவேண்டும் என்றே யாருக்கும் தோன்றியிருக்காது. படம் கேள்வியை எழுப்பிற்று. பதில் ஓட்டுநரின் வாயிலிருந்து வந்தது.

இதே கண்ணோடு லிட்டில் இந்தியாவைத் திரும்பிப் பார்ப்போம். சிராங்கூன் சாலையும் அதன் கிளைத் தெருக்களும் 1989-ஆம் ஆண்டு ஜூலையில் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டன. அங்குள்ள கடைவீடுகள் ஒவ்வொன்றின் உயரமும் முகப்பும் இன்று கணிப்பொறியில் இருக்கின்றன. ஆனால் பெயர்களுக்குள் இருக்கும் நிலக்காட்சி அதில் இல்லை. கண்டாங் கெர்பாவ் என்றால் மலாய் மொழியில் எருமைக் கொட்டில். பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு என்று அடுத்தடுத்து உள்ள இரண்டு தெருக்களும் எருமையின் பெயரையே ஆங்கிலத்திலும் மலாயிலும் தாங்கி நிற்கின்றன. பெலிலியோஸ் என்ற பெயரில் இருக்கும் தெரு, கல்கத்தாவிலிருந்து வந்த ஒரு மாட்டு வணிகரின் பெயர். தண்ணீரும் புல்லும் இருந்ததால் மாடு வந்தது. மாடு வந்ததால் நம் மக்கள் வேலைக்கு வந்தார்கள். இன்று அங்கே மாடும் இல்லை, சதுப்பும் இல்லை. பெயர் மட்டும் இருக்கிறது.

வீரமாகாளியம்மன் கோயில் இருக்கும் வட்டாரத்தைப் பழைய தமிழர்கள் சுண்ணாம்புக் கம்பம் என்று அழைத்தார்கள். அங்கே சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்தன. வீடு கட்டச் சுண்ணாம்பு, பூசச் சுண்ணாம்பு. செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் சுவர்களுக்குச் சுண்ணாம்போடு முட்டையின் வெள்ளையையும் சர்க்கரையையும் சேர்த்து அரைத்துப் பூசினார்கள். அது நம் சென்னைப் பக்கத்துக் கைத்திறன். அந்த வேலையைச் செய்தவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். கணிப்பொறிப் படம் தேவாலயத்தின் கோபுர உயரத்தை அங்குலம் பிசகாமல் சொல்லும். சுவரைப் பூசிய கை யாருடையது என்பதை அந்தப் படத்தில் தேடமுடியாது.

படங்களுக்கு இந்தக் குணம் தொடக்கம் முதலே உண்டு. 1828-இல் அச்சான சிங்கப்பூர் நகரப் படம் ஒன்று புகழ்பெற்றது. பிலிப் ஜாக்சன் என்ற அதிகாரி வரைந்தது. அதில் தெருக்கள் கோடு கிழித்தாற்போல் நேராக இருக்கும். ஊர் இருந்தபடி அன்று. ராஃபிள்ஸ் எப்படி இருக்கவேண்டும் என்று விரும்பினாரோ அப்படி! ஆற்றின் மேற்புறத்தில் சூலியா கம்போங் என்று ஓர் இடம் குறிக்கப்பட்டிருக்கும். தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள் அங்கேதான் குடியிருக்கவேண்டும் என்பது ஏற்பாடு. நம்மவர் அதோடு நின்றார்களா? எங்கே வேலையோ அங்கே போனார்கள். படத்தில் இடம் தராத சிராங்கூன் சாலைதான் கடைசியில் அவர்கள் ஊராயிற்று.

ரப்பரையும் மறந்துவிடக் கூடாது. 1877-இல் இங்கிலாந்திலிருந்து 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்துக்கு வந்தன. அதன் இயக்குநர் ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் வெட்டுமுறையை அங்கேதான் கண்டறிந்தார். நாம் ஒவ்வொரு நாள் விடியற்காலையிலும் போடும் வெட்டு அந்தத் தோட்டத்தில் பிறந்ததே. சிங்கப்பூரிலும் ரப்பர்த் தோட்டங்கள் பல இருந்தன. இன்று ஈசூன் என்று வழங்கும் பெரிய குடியிருப்பு நகரம், ரப்பரிலும் அன்னாசியிலும் பெரும்பொருள் ஈட்டிய லிம் நீ சூனின் பெயரால் அமைந்தது. அங்கே இன்று அடுக்குமாடி வீடுகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு மாடியின் எண்ணும் கணிப்பொறியில் இருக்கிறது. தேசிய நூலக வாரியமும் ஆவணக் காப்பகமும் பழைய படங்களைக் கணிப்பொறிக்கு ஏற்றி வைத்திருப்பதால், புதிய படத்தோடு பழையதை வைத்து ஒப்பிட்டுப் பார்க்க வழி உண்டு. நம் குடும்பத்தில் யாரேனும் பெரியவர், "நாங்கள் முன்னே சிங்கப்பூர்த் தோட்டத்தில் பால் வெட்டினோம்" என்று சொல்லியிருந்தால், அவர் சொல்லும் இடப்பெயரை உடனே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது எந்தப் புதிய படத்திலும் இருக்காது.

இனி நம் மலைத் தோட்டங்களுக்கு வருவோம். மரங்களுக்குக் கீழே உள்ள தரையை லேசர் காட்டும் என்றோமே, அது சிங்கப்பூரைவிட மலைநாட்டில் வாழ்பவர்களுக்குத்தான் அதிகம் தேவை. சரிவு எவ்வளவு, மழைநீர் எந்தப் பக்கம் கூடும், முன்பு மண் சரிந்த தழும்பு எங்கே இருக்கிறது என்பவற்றை இத்தகைய அளவீடு தெளிவாக எடுத்துக் காட்டும்.

சிங்கப்பூர் தன் தீவை லேசரால் அளந்த அதே 2014-ஆம் ஆண்டு, அக்டோபர் 29-ஆம் நாள் காலையில், இலங்கையின் பதுளை மாவட்டத்தில் கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்கள் மண்சரிவில் புதைந்தன. வேலைக்கும் பள்ளிக்கும் போயிருந்தவர்கள் திரும்பிவந்தபோது வீடு இருந்த இடத்தில் சேறு இருந்தது. அந்தச் சரிவு ஆபத்தானது என்பது யாருக்கும் தெரியாத செய்தியா? இல்லை. இலங்கையின் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005-லும் 2011-லும் அங்கிருந்து மக்கள் இடம்பெயர வேண்டும் என்று எச்சரித்திருந்தது. படம் இருந்தது, எச்சரிக்கை இருந்தது, போய்க் குடியிருக்க வேறு நிலமும் வீடும் இல்லை. கேரளத்தில் மூணாறுக்கு அருகே பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6-ஆம் நாள் இரவு சரிந்த மலை, லயங்களில் உறங்கிக்கொண்டிருந்த 70 பேரைக் கொண்டுபோயிற்று. அவர்களுள் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர்.

நெடுங்காலமாக மலைநாட்டுத் தோட்டங்கள் பலவற்றில் ஒரு லயத்துக்கென்று தனி முகவரி இருந்ததில்லை. கடிதமெல்லாம் தோட்டத்தின் பெயருக்கு வரும். ஆபீசில் பிரித்துத் தருவார்கள். முகவரி இல்லாத வீடு கணிப்பொறிப் படத்தில் வெறும் கூரையாகத்தான் தெரியும். அதற்குள் எத்தனை குடும்பம், எத்தனை குழந்தை, நடக்கமுடியாத பெரியவர் யார் என்பது அளவைக்காரருக்குத் தெரியாது. ஆகவே அளவைக்காரரோ ஆராய்ச்சி மாணவரோ தோட்டத்துக்கு வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டாம். லயத்துக்கு நாம் வழங்கும் பெயர், வீட்டு எண்ணிக்கை, பெரியவர்கள் காலத்தில் மண் சரிந்த இடம், மூடிப்போன பழைய ஓடை ஆகியவற்றை நாமே சொல்லி, குறித்துக்கொண்டார்களா என்று பார்க்கவும் வேண்டும்.

விமானம் பல ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வரும். நேற்று இரவு லயத்துக்குப் பின்னால் விழுந்த விரிசலை அது பார்த்திராது. அதைப் பார்க்கக்கூடியவர்கள் நாம்தான். தரையிலும் சுவரிலும் புதிதாக விரிசல் தோன்றுதல், மரங்களும் கம்பங்களும் சாய்தல், கதவு சன்னல் திடீரென்று இறுகி மூடமுடியாமல் போதல், இல்லாத இடத்தில் ஊற்று கிளம்புதல், தெளிந்து ஓடிய ஊற்று கலங்குதல் அல்லது சட்டென்று நின்றுவிடுதல் ஆகிய இவையெல்லாம் மலை நகரத் தொடங்கியதற்கு அடையாளங்கள்.

மழையையும் நாமே அளக்கலாம். மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமுள்ள, அடி தட்டையான ஒரு டின்னை மரநிழலும் கூரைத் தண்ணீரும் படாத வெளியில் வைத்து, மறுநாள் அதே நேரத்தில் அளவுகோலை உள்ளே விட்டுப் பார்த்தால் போதும். இலங்கையின் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வைத்திருக்கும் கணக்கு இது: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர், அதாவது மூன்று அங்குலம், தாண்டினால் விழிப்பாக இருக்கவேண்டும். 100 மில்லிமீட்டர் தாண்டினால் புறப்பட ஆயத்தமாக வேண்டும். 150 மில்லிமீட்டர், அதாவது ஆறு அங்குலம், தாண்டினாலோ, ஒரே மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் கொட்டினாலோ, சரிவில் உள்ள வீட்டைவிட்டு உடனே வெளியேறிவிட வேண்டும். இலங்கையில் பேரிடர் நிலையத்தை அழைக்கும் எண் 117. மலேசியாவில் 999. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. டின்னை வைத்த நாளையும் அளந்த அளவையும் பிள்ளைகளிடம் சொல்லி ஒரு நோட்டில் எழுதிவரச் செய்யுங்கள். அளவைக்காரர் வரும் நாளில் அவர் முதலில் கேட்கும் பொருள் அந்த நோட்டாகத்தான் இருக்கும்.